அச்சத்தின் ஒப்பனை

மக்கள் உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று அச்சம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால் அச்சம் பிறக்கும் என்பது அவர் கொள்கை. இறை என்றது ஈண்டு அரசனை. இந்நான்கனுள் கண்ணுக்குப் புலனாகாதது அணங்கு ஒன்றே. ஏனைய மூன்றும் உலகில் நாம் நேரே காண்பன. எனினும், அச்சச் சுவை பொருந்திய படம் எடுக்கப் புகும் இளைஞர் பலரும் பேயையே முதற்கண் தேடிச் செல்கின்றனர். மற்ற மூன்றும் அவர் நினைவுக்கு வருவதில்லை.

இக்காலத்தில் செல்பேசி ஒன்று கையில் இருப்பின் மாணவரும் படம் எடுக்கலாம். ஆயினும் முழுப் படம் எடுத்து முடித்தல் அரிது. ஆதலின், எடுக்கப்படாத ஒரு படத்திற்கு முன்னோட்டம் மட்டும் ஆக்கிப் பழகுதல் சில நாடுகளில் மாணவர்க்குரிய பயிற்சியாக உள்ளது. முன்னோட்டம் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடும். கதையை விரித்துரைக்க அதில் நேரம் இராது. இடமும் பொருளும் உடையுமே கதை சொல்லியாக வேண்டும். இம்மூன்றையும் தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்பதற்குத் தஞ்சை நாட்டு மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

பாபநாசம் வட்டத்தில் மெலட்டூர் என்னும் ஊர் உளது. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர், கலை வல்ல தெலுங்கு அந்தணர் குடும்பங்களுக்கு நிலம் வழங்கி அங்கே குடியமர்த்தினார் என்பர். 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் பிறந்த வேங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு இசை நாடகங்கள் ‘பாகவத மேளா’ என்ற பெயரால் இன்றும் ஆண்டுதோறும் அங்கு நடிக்கப்பெறுகின்றன. நரசிம்ம சயந்தியை ஒட்டி நடைபெறும் ‘பிரகலாத சரித்திரம்’ அவற்றுள் புகழ் மிக்கது. பெண் வேடங்களையும் ஆடவரே தாங்குவர்.

இந்நாடகத்திற்கெனத் தொலைவில் ஓர் அச்சமூட்டும் காட்டையோ பாழ்மண்டபத்தையோ எவரும் தேடவில்லை. வரதராசப் பெருமாள் கோயிலின் எதிரில் உள்ள தெருவே அரங்கம். பகலில் மக்கள் நடந்து செல்லும் அதே தெரு, இரவில் இரணியனது அவைக்களம் ஆகிவிடுகிறது. நரசிம்மரின் முகமூடி கோயிலில் வைத்து வழிபடப்பெறுவது. அதனை அணிபவர் அன்று உண்ணா நோன்பு இருப்பார். இரவில் தொடங்கும் நாடகத்தில் முதலில் கோணங்கி என்னும் கோமாளி வந்து சிரிப்பூட்டுவான். பிறகு யானைமுகம் அணிந்த சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடுவான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழும் வழக்கு பாட்டும் அபிநயமுமாக நள்ளிரவையும் கடந்து நீளும். சிங்கமுகம் வெளிப்படுவதோ பொழுது புலரும் வேளையில். அம்முகமூடி தாங்கியவர் ஆவேசம் மிகுந்து தம்மை மறத்தலும் உண்டு. ஆதலின் பக்கத்தில் நிற்போர் அவரைப் பற்றிப் பிடித்துக்கொள்வர். இரவு முழுதும் காத்திருந்த கண்களுக்கு அச்சில நொடிகளே போதும். சிங்கமுகம் தொடக்கத்திலேயே வந்து விடியும்வரை ஆடிக்கொண்டிருந்தால் குழந்தைகூட அஞ்சாது. இந்த அடக்கத்தைத்தான் முன்னோட்டம் எடுப்போர் முதலில் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

செருமானிய இயக்குநர் முர்னோ 1922-இல் வெளிவந்த ‘நொஸ்பெராட்டு’ என்னும் ஊமைப் படத்தை எடுத்தபோது, இருளுருவம் மாடிப்படி ஏறுவதை அதன் நிழலால் மட்டுமே சுவரில் காட்டினார். பிறர் வண்ணம் தீட்டிய திரைகளை நிறுத்திப் படம் எடுத்த அக்காலத்தில், அவர் உண்மையான தெருக்களையும் பழங்கோட்டையையும் தேடிச் சென்றார். மெலட்டூர்த் தெருவும் அவர் தேடிய தெருவும் ஒரே உண்மையைச் சார்ந்தவை. நாம் நன்கறிந்த இடம் திடீரென அயலாகத் தோன்றும்போதே நெஞ்சம் நடுங்குகிறது.

இனி, காவிரிப் படுகையில் இடம் தேர்வோர்க்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. இங்கு நிலம் ஒரே முகத்துடன் இருப்பதில்லை. நீர் இருப்பு இடம் தந்தால் சூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படும். ஐப்பசியில் சம்பா வயல் பச்சைக் கடலாக விரிந்திருக்கும். தை, மாசியில் அதுவே வெறும் தாள்கள் நிற்கும் கட்டாந்தரை. கார்த்திகையில் ஒரு பாதியும் மாசியில் மறு பாதியும் எடுத்தால், கதைமாந்தர் ஒரே இரவில் இரு பருவங்களைக் கடந்தவர் ஆவர்! ஆகவே, இடத்தைக் குறித்தால் மட்டும் போதாது. மாதத்தையும் உடன் குறித்தல் வேண்டும். மதகருகே நீர் அமைதியாகத் தோன்றினும் உள்ளே இழுக்கும். அங்கே எவரையும் இறக்கலாகாது. இடிந்த வீடுகளைப் பகலில், ஊராரைத் துணைக்கொண்டு பார்த்து வருதல் நலம். பாம்புக்குப் படப்பிடிப்பு என்பது தெரியாது. பெரிய கோயில் போன்ற நினைவுச் சின்னங்களில் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் ஒப்புதல் வேண்டும்.

பொருள்களுக்குக் கடைவீதி செல்ல வேண்டுவதில்லை. நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் ஒன்று பழைய வீட்டின் மூலையில் இருக்கும். ஆள் ஒளியும் அளவு பெரிது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கைவிளக்கின் ஒளியில் அதன் மூடி அரை அங்குலம் உயர்ந்தால், பிளாஸ்டிக் மண்டையோடு நூறு செய்யாததை அது செய்துவிடும்.

உடையில்தான் பலரும் தவறுகின்றனர். பேய் என்றால் வெள்ளைச் சேலை என்பது பழைய திரைப்படங்கள் பழக்கிவிட்ட வழக்கம். அச்சேலை நம் பாட்டியர் பலர் கணவரை இழந்த துயரத்தால் உடுத்தது. ஒருவரது துயரத்தை மற்றொருவருக்கு அச்சப் பொருளாக்குதல் தகுமா? அவ்வாறே, எரியும் குடிசை ஒன்றைக் காட்டினால் படம் சிறக்கும் என்று ஒருவர் எண்ணலாம். 1968 திசம்பர் 25 அன்று, அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். இம்மண்ணில் அக்காட்சி விளையாட்டுப் பொருள் ஆகாது. தீயின் இடர் வேறு உளது. ஆதலின் அதனை விலக்குக.

மாறாக, வயலில் மழைக்காலத்தில் நாம் காணும் ஓர் உடையை நினைத்துப் பாருங்கள். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது கொங்காணி. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதனை அணிந்தவர் முகம் பக்கத்திலிருந்து தெரியாது. ஐப்பசி மழையில், மாலை மங்கும் வேளையில், வரப்பின் கோடியில் கொங்காணி அணிந்த ஒருவர் நிற்கட்டும். அவர் அசைய வேண்டா. அடுத்த காட்சியில் வீட்டு வாசலில் நனைந்த கொங்காணி மட்டும் கிடக்கட்டும்; அங்கிருந்து ஈரக் காலடிகள் கூடத்தைக் கடந்து பத்தாயம்வரை செல்லட்டும். வந்தவர் கள்வரா, நாள்தோறும் வயலுக்கு வரும் உழவரா, அணங்கா என்பதைச் சொல்ல வேண்டா. பத்தாயத்தின் மூடியைச் சிறுமி ஒருத்தி தொடுகிறாள். படத்தை அங்கே நிறுத்திவிடுக.