தொப்புள் குடலிறக்கம்: தையல் போதுமா, வலை வேண்டுமா?

இருமினால் தொப்புள் புடைக்கும். படுத்தால் காணாமல் போய்விடும். ‘வலிதான் இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது இதைத்தான். பெயர், அம்பிலிக்கல் ஹெர்னியா.

வயிற்றுச் சுவரில், தொப்புளுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை வழியாகக் கொழுப்போ குடலோ வெளியே தள்ளுகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். பெரியவர்களுக்கு மூடாது. பெல்ட் கட்டினால் புடைப்பு அமுங்குமே தவிர, ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

எதை வைத்து முடிவு செய்வார்கள்?

முக்கியமாக ஓட்டையின் அளவு. 1 செ.மீ.க்கும் குறைவு என்றால் தையல் போதும். அதற்கு மேல் போனால் மெஷ் எனப்படும் செயற்கை வலையைத்தான் ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்களின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

காரணம் எளிது. தையலில் இரண்டு ஓரங்களை இழுத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு தும்மலும் அந்த நூலை இழுக்கும். வலை வைத்தால் அந்த இழுவை பரவிவிடும். நாளடைவில் திசு அதனூடே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். 1 முதல் 4 செ.மீ. வரை ஓட்டை இருந்த 300 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2018-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளில் தையல் போட்டவர்களில் 12% பேருக்கு ஹெர்னியா திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 4% பேருக்குத்தான்.

லேப்ராஸ்கோப்பி?

ஓட்டை 4 செ.மீ.க்கு மேல், அல்லது உடல் பருமனால் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்றால் யோசிக்கலாம். இதற்கு முழு மயக்கம் தேவை. சின்ன ஓட்டைக்கு தொப்புள் ஓரம் சிறிதாகக் கீறினாலே வேலை முடிந்துவிடும். சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தே செய்கிறார்கள். அதற்கும் லேப்ராஸ்கோப்பிதான் என்று சொன்னால், ‘ஏன் டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பில்லை.

அவசரம் இல்லாத பட்சத்தில், ஆபரேஷனுக்கு 4 முதல் 6 வாரம் முன்பே சிகரெட்டை விடச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகுதான். இன்னொன்று: பல ஹெல்த் பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. தேதி குறிக்கும் முன் பாலிசியைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

புடைப்பு கல் மாதிரி ஆகி உள்ளே போகவில்லை, நிறம் மாறுகிறது, கடும் வலி, வாந்தி என்றால் குடல் சிக்கியிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகத் தொடங்கும். அப்போது கையால் அழுத்தித் தள்ளிப் பார்க்காமல், எதுவும் சாப்பிடாமல், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.