பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குக் காரில் பாட்டு வைக்கப் போனவர்கள், ஸ்பீக்கரோடு ஒரு பலகைக்கும் சேர்த்தே விலை பேசினார்கள். அம்பாசடரோ பத்மினியோ மாருதி 800ஓ, பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த மெல்லிய அட்டை 6-க்கு 9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கரின் காந்தக் கனத்தைத் தாங்காது, தாங்கினாலும் அதிரும். அதைக் கழற்றிவிட்டு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிதாக ஒன்று செய்வார்கள். பேக் ட்ரே என்று அதற்குப் பேர்.

அளவெடுப்பதே பாதி வேலை. பழுப்புத் தாளை விரித்து, கண்ணாடியின் வளைவு நெடுகக் கட்டைவிரலால் அழுத்தி மடிப்பு எடுப்பார்கள். பிளைவுட்டில் கோடு போட்ட பிறகு, மேலே வரும் ரெக்ஸினின் கனத்துக்காக ஒரு நூல் உள்ளே தள்ளி அறுப்பார்கள். ஸ்பீக்கர் ஓட்டையில் ரெக்ஸினை நடுவிலிருந்து கீற்றுக் கீற்றாகக் கத்தரித்து, அடிப்பக்கம் மடித்து ஒட்டுவார்கள். பலகை தகரத்தில் உரசிச் சத்தம் போடாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி அடியில் கொடுப்பார்கள். கடைசியில் ஒன்றரை வோல்ட் செல் ஒன்றை இரண்டு ஸ்பீக்கர் வயர்களிலும் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் பாட்டில் பேஸ் இருக்காது.

அந்தப் பலகை ஸ்பீக்கரைத் தாங்கியதோடு நிற்கவில்லை. கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இடைவெளியில்லாமல் பொருந்திய பலகை இரண்டையும் பிரித்தது. டிக்கி முழுவதுமே ஸ்பீக்கருக்குப் பெட்டியானது. சில வாட் மட்டுமே தரும் கேசட் பிளேயரில் மிருதங்கத்தின் தொப்பி நிறைந்து கேட்டதென்றால், அதில் தச்சரின் பங்கு பெரிது.

2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சிறிய கார்கள் பெருகப் பெருக, சாலையில் டிக்கி தனியாக உள்ள கார்களின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைய சிறிய கார்களில் பின்தட்டு என்பது இரண்டு கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக். சீட்டை மடித்தால் அதையும் எடுத்து ஓரம் வைக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் கதவுகளுக்குப் போய்விட்டன.

கேட்பதற்கு இன்றுள்ளதே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று பாடகர் நம் பிடரிக்குப் பின்னாலிருந்து பாடினார். இன்று முன்கண்ணாடிக்கு நேராக நிற்கிறார். ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அந்தக் கணக்கை வைத்து, ஓட்டுநருக்கு அருகிலுள்ள வலக்கதவு ஸ்பீக்கரை டிஎஸ்பி என்ற ஒலிச் சில்லு சற்றே தாமதிக்க வைக்கிறது. இருபக்க ஒலியும் ஒன்றாக வந்து சேர்கிறது. அன்றைய காகிதக் கூம்புகள் பின்கண்ணாடி வெயிலில் வெளுத்து, விளிம்பு ஃபோம் பொடிந்து உதிர்ந்தன. இப்போது பாலிப்ரொப்பிலீனும் ரப்பரும் நெடுநாள் நிற்கின்றன. மோதலில் பிளைவுட்டும் காந்தமும் தலைக்கு மேல் பாயுமே என்ற பயமும் போயிற்று. இது சின்ன விஷயமல்ல.

போனது கைக்குரிய இடம். இன்றைய தொடுதிரையில் பாட்டோடு பின்கேமராவும், சில கார்களில் ஏசியும் இணைந்திருக்கின்றன. ஒரு வயரை வெட்டினால் வாரண்டிக்கே வம்பு. அதனால் வெட்டாமல் சொருகும் கப்ளரை வாங்கி மாட்டுகிறார்கள். அரைமணி நேரத்தில் முடிகிற சுத்தமான வேலை. ஆனால் செல்லைத் தொட்டுக் கூம்பு தள்ளுவதைக் காட்ட முதலாளிக்கும் அவசியமில்லை, பார்த்துப் பழகப் பையனுக்கும் வாய்ப்பில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

மரம் தெரிந்தவர்கள் சிலர் எம்டிஎஃப்பில் சப்வூஃபர் பெட்டி செய்கிறார்கள். பழைய அம்பாசடரைப் புதுப்பிப்பவர்கள் பேக் ட்ரேவுக்கு இன்னமும் அவர்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. பல தடவை தட்டி நிமிர்த்தி வெல்டிங் வைத்த உடம்பு அது. ஒரு வண்டிக்கு எடுத்த தாள் இன்னொன்றுக்குப் பொருந்தாது.