மலையடிவாரத்தில் பிறந்த புகழ்
ஒரு பாட்டின் கதை

தொண்டாமுத்தூர்க் கடைவீதியில் நின்று வடக்கே பார்த்தால் மருதமலை தெரியும். தைப்பூசத்தன்று சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் காவடியும் பால்குடமுமாக அந்த மலையை நோக்கிப் புறப்படுவார்கள். வெங்காயம், வாழை, பாக்கு என்று மண்ணோடு மல்லாடும் மக்களுக்கு அது ஒரு நாள் ஓய்வு. ஓராண்டுக்கு வேண்டிய தெம்பு. அப்போது ஒலிபெருக்கியில் கம்பீரமான ஒரு குரல் எழும். அது மதுரை சோமுவின் குரல். பாட்டு, 'மருதமலை மாமணியே'.

1972ஆம் ஆண்டு வெளிவந்த 'தெய்வம்' படத்துக்காகப் பிறந்த பாட்டு அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் மெருகு குலையவில்லை. காரணம் என்ன?

நால்வர் கூடிய வேளை

படத்தைத் தயாரித்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். கோவை ராமநாதபுரத்தில் பிறந்து, மில்லில் உழைத்து, உடற்பயிற்சியால் பெயர் பெற்று, பின்னர் படமுதலாளியானவர். வறுமையிலும் வாழ்விலும் அவர் மறக்காத பெயர் மருதமலை முருகன். கையில் பணம் சேர்ந்தபோது கோயில் திருப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். முருகன் தலங்களைச் சுற்றிச் சிறு கதைகளைப் பின்னி, கிருபானந்த வாரியாரின் வாக்கால் அவற்றைக் கோத்து, 'தெய்வ'த்தை உருவாக்கினார். தம்பி திருமுகம் டைரக்ட் செய்தார்.

பாட்டு எழுதியவர் கண்ணதாசன். இசை அமைத்தவர் பிடில் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன். பாடியதோடு, திரையிலும் தாமே தோன்றியவர் சோமு. நடிகர் வாயசைக்க வேறொருவர் பாடுவதுதான் சினிமா வழக்கம். இங்கே கச்சேரி வித்வானே பக்தராகக் காட்சி தந்தார். அதனால்தான் அதில் வேஷம் தெரியவில்லை.

ராகத்தின் ரகசியம்

ராகம் தர்பாரி கானடா. அக்பர் சபையில் தான்சேன் பாடியது என்று வழிவழியாகச் சொல்லப்படும் வடநாட்டு ராகம். காந்தாரத்தையும் தைவதத்தையும் மெல்ல அசைத்து அசைத்துப் பாடினால்தான் அதன் கனம் புலப்படும். நள்ளிரவுக்கு உரிய அந்த ராஜ ராகத்தைக் கொங்கு நாட்டுக் குன்றுக்கு அழைத்து வந்தது குன்னக்குடியின் துணிச்சல்.

மேல்நாட்டு ராக் இசையிலும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, உச்சியில் வெடிக்கும் பாட்டுகளுக்குத் தனி மவுசு உண்டு. இந்தப் பாட்டின் கட்டும் அத்தகையதே. தாளமில்லாமல் விருத்தம் போல் தொடங்குகிறது. பல்லவி வந்ததும் நிமிர்கிறது. பிறகு நடை விரைந்து, சொற்கள் அலையலையாய் மோதுகின்றன. 837 படிகளை ஏறி உச்சியில் நின்று மூச்சு வாங்குகிறோமே, அதே உணர்ச்சி!

பெரும் புகழும் சிறு மறதியும்

சோமு 1919இல் சுவாமிமலையில் பிறந்தவர். மதுரையில் வளர்ந்தவர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்றவர். அந்தப் பிள்ளையோ, லயத்தில் சிங்கம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். ஆகவே பாட்டின் கடைசியில் தாளம் அத்தனை கட்டுக்கோப்பாகப் பாய்வதில் வியப்பில்லை. அது மூன்று தலைமுறையின் உழைப்பு.

நள்ளிரவு தாண்டியும் சபை கலையாமல் பாடிய வித்வான் அவர். 1976இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் படம் வந்த பிறகு எந்த மேடை ஏறினாலும் ரசிகர்கள் 'மருதமலை'யைக் கேட்கத் தொடங்கினார்கள். பல மணி நேர ராக ஆலாபனைகளைச் சில நிமிஷத்துச் சினிமாப் பாட்டு மறைத்துவிட்டதே என்று சங்கீத ரசிகர்கள் வருந்தலாம். வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சபாவின் வாசற்படியை மிதித்தறியாத உழவனின் காதில் தர்பாரி கானடாவைக் கொண்டு சேர்த்ததும் அந்தச் சில நிமிஷங்கள்தாமே?

தேவர் 1978இல் மறைந்தார். 1981இல் கண்ணதாசனும், 1989இல் சோமுவும், 2008இல் குன்னக்குடியும் மறைந்தனர். பாட்டு மட்டும் நிற்கிறது. பாட்டுப் போட்டிகளில் சிறுவர்கள் அதைத் துணிந்து பாடுகிறார்கள். தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு. பாடியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த முறை மலையேறும்போது அந்தக் குரல் காதில் விழுந்தால், பக்கத்தில் வரும் பிள்ளையிடம், 'இவர் மதுரை சோமு' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அவருடைய கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேட்க வையுங்கள். சினிமாப் பாட்டு அடிவாரந்தான். சோமுவின் சங்கீதம் அதற்கு மேலே இருக்கிறது.