பாரதி பூங்காவில் ஒரு புதிர்ப் பெட்டி



புதையல் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கடற்கொள்ளையரும், கிழிந்த வரைபடமும், பொற்காசு நிறைந்த பேழையும் அல்லவா? நான் சொல்லப்போகும் புதையலில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் இருக்கும். ஆயினும் உலகெங்கும் பல இலட்சம் பேர் அதைத் தேடி நடக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் ‘ஜியோகேஷிங்’. நாம் ‘புவிப் புதையல் வேட்டை’ என்று அழைக்கலாம். சென்ற விடுமுறையில் நம் ஊர்ப் பாரதி பூங்காவில் இந்த ஆட்டத்தில் நான் முதலில் தோற்று, பிறகு வென்ற கதையை இங்கே கூறுகிறேன்.

ஆட்டம் பிறந்த கதை

இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில், வழிகாட்டி ஒருவர் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றார்கள்.

இன்றைய ஆட்டம் பிறந்தது 2000-ஆம் ஆண்டில். வானில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் வானொலிச் சமிக்ஞை நம் கையிலுள்ள கருவியை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு, கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. மூன்று கோள்கள் இடத்தைச் சொல்லப் போதும். நம் கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது தேவை. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. உடனே, மே 3-ஆம் நாள், ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். மைக் டீக் என்பவர் அதை முதலில் கண்டெடுத்தார். ஆட்டம் உலகெங்கும் பரவியது. நம் நாடும் 2013 முதல் செயற்கைக்கோள்களை ஏவி, ‘நாவிக்’ என்னும் சொந்த அமைப்பை உருவாக்கியுள்ளது.

இதில் பலவகை உண்டு. அவற்றுள் ஒன்று புதிர்ப் பெட்டி. அதற்கு அறிவிக்கப்படும் இடம் பெட்டி இருக்கும் இடமன்று. புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும்.

அக்கா தந்த தாள்

எங்கள் தாத்தாவின் அண்ணன் பிரான்சில் வாழ்ந்தவர். அவருடைய பேத்தி, எனக்கு அக்கா முறை, விடுமுறைக்கு வந்திருந்தார். இணையத்தில் பதியாமல், எங்களுக்காக மட்டும் ஒரு நாள் ஆட்டமாக அவர் ஒரு பெட்டியை வைத்தார். பொது இடத்தில் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் மக்கள் அஞ்சுவார்களே! ஆகவே பூங்காவில் இருந்தவர்களிடம் அனுமதி கேட்டார். உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி புகும் பெட்டியாக எடுத்தார். மண்ணைத் தோண்டவில்லை. தின்பண்டம் எதுவும் வைக்கவில்லை. மாலையில் திரும்ப எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

பிறகு எனக்கும் என் தம்பிக்கும் ஒரு தாளைத் தந்தார். அதில் இருந்தது இதுதான்:

வடக்கு 11 டிகிரி 56.0அஆ நிமிடம், கிழக்கு 79 டிகிரி 50.0இஈ நிமிடம்.

அ: புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்த ஆண்டின் கடைசி இலக்கம்.
ஆ: கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்களின் எண்ணிக்கை.
இ: இருதய ஆண்டவர் ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கம்.
ஈ: கீழூர் வாக்கெடுப்பு நடந்த ஆண்டின் கடைசி இலக்கம்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி! தூண்கள் 8. ஆலயம் 1907, எனவே 7. கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தது 1954 அக்டோபர் 18, எனவே 4. இந்தியாவுடன் சேர்ந்ததும் அதே ஆண்டு நவம்பர் 1 தானே? அதுவும் 4 என்று எழுதினேன்.

“ஒரே ஆண்டை ஏன் இரண்டு தடவை கேட்கணும்?” என்றான் தம்பி.

“பத்தாம் வகுப்பு நீயா, நானா?” என்று அவன் வாயை அடைத்தேன்.

தவறும் திருத்தமும்

செல்பேசி காட்டிய இடத்தில் ஒரு மணி நேரம் தேடினோம். செடி மறைவில் பார்த்தோம், பெஞ்சுக்கு அடியில் பார்த்தோம். பெட்டி இல்லை. திறந்த வெளியில் செல்பேசி சில மீட்டர் பிழையோடுதான் இடம் காட்டும், மரநிழலில் பிழை இன்னும் கூடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில்தான் ஏறியது. வாடிய முகத்துடன் வீடு திரும்பினோம்.

தாத்தா தாளை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சட்டப்படின்னு எழுதியிருக்கே, அதைப் படிச்சியாம்மா?” என்றார்.

1954-இல் ஆட்சிப் பொறுப்புதான் கைமாறியதாம். 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரான்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி இணைப்பு முடிந்ததாம். அதன்பின் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தார். அவர் எழுதிக் கொடுத்தார். தாய்க்குத் துணையாக இருந்த தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே தட்டில் உண்டவர்கள் இரு நாட்டவர் ஆனார்கள்.

“நீ ஓர் இலக்கம்னு நினைச்சே. எங்களுக்கு அது ஒரு வாழ்க்கை,” என்றார் தாத்தா.

என் கண் கலங்கியது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். 4-ஐ அடித்து 2 என்று எழுதினேன். 56.048 என்பது 56.028 ஆயிற்று. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,852 மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர். நான் இருபது பங்கு தவறியதால் 37 மீட்டர் வடக்கே தேடியிருக்கிறேன்! தீர்க்கரேகையில் ஒரு முழு நிமிடம் கிழக்கே தவறியிருந்தால், கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருப்போம்.

பெட்டிக்குள் என்ன?

மாலையில் தாத்தாவும் எங்களுடன் வந்தார். ஆயி மண்டபத்திற்குச் சற்று அப்பால், ஒரு மரத்தின் புடைத்த வேர்களுக்கிடையே பெட்டி இருந்தது. கண்டெடுத்தவன் தம்பி.

குறிப்பேட்டின் மேல் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. ஆயி மண்டபத்தின் முன் இரண்டு இளைஞர்கள். ஒருவர் தோள்மேல் மற்றவர் கை. அண்ணன் கப்பலேறுவதற்கு முன் எடுத்ததாம். சென்ற ஆண்டு அவர் இறந்தபின், அவருடைய மேசை அறையில் அக்கா இதைக் கண்டெடுத்திருக்கிறார். அக்காவுக்குத் தமிழ் எழுத வராது. ஆயினும் படத்தின் பின்புறம் எங்கள் தாத்தாவின் பெயரைத் தமிழில், ஓர் எழுத்துப் பிழையோடு, எழுதியிருந்தார். அப்போதுதான் புரிந்தது, பெட்டி யாருக்காக வைக்கப்பட்டது என்று.

கண்டவர்கள் குறிப்பேட்டில் கையெழுத்திடுவது ஆட்டத்தின் விதி. தம்பி எழுதினான், நான் எழுதினேன். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதாகத் தம் பெயரை எழுதினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னபடி பெட்டியை எடுத்துக்கொண்டு, கிடந்த காகிதக் குப்பைகளையும் பொறுக்கிப் போட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

தோழியரே, வரலாற்றுத் தேர்வுக்காக நாம் எத்தனையோ ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, அல்லது மூடியிருக்கிறது. வினாவை முழுதும் படியுங்கள். இளையவர் சொல்லையும் கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து பேசுங்கள். அவர்களைவிடப் பெரிய புதையல் வேறில்லை!

— பத்தாம் வகுப்பு மாணவி