கடற்பாசியிலிருந்து புரதம் பிரிக்கும் முறைகள்

கடலுக்கு வெகு தொலைவில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில் கடற்பாசித் தொழிலுக்கு ஒரு தலைமையிடம் இருப்பது வியப்பாகத் தோன்றலாம். 2010இல் தொடங்கப்பட்ட சீ சிக்ஸ் எனர்ஜி என்னும் நிறுவனம், பாசியை இயந்திரங்களைக் கொண்டு கடலிற் பயிரிடும் முறைகளை அங்கிருந்து வகுத்து வருகிறது. இந்நிறுவனம் கையாளும் கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியே இராமநாதபுரக் கரையிலும் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. அங்கு மீனவப் பெண்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. உலர்ந்த பாசி, காரகீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காகவே விலை போகிறது. காரநீரில் வேகவைக்கையில் அதன் புரதம் கழிவுநீரோடு கலந்து வீணாகிறது.

இப்பாசியின் உலர்ந்த எடையில் 16.2 சதவீதம் புரதம் இருப்பதாக மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2005இல் வெளியிட்டனர். சில சிவப்புப் பாசிகளில் அது 47 சதவீதம் வரை உண்டு. ஆயினும் இவ்வெண்களை எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது வழக்கம். பாசியிலோ புரதமல்லாத நைட்ரஜனும் உண்டு. ஆதலால் 5ஆல் பெருக்குவதே பொருந்தும் என்பர். அவ்வாறாயின் 16.2 என்பது ஏறக்குறைய 13 ஆகிவிடும்.

பாசியின் செல்சுவரே பெரிய தடை. அரைத்து நீர் விட்டால் அச்சுவரின் கூழ் வழவழப்பாகி வடிதுணியை அடைத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் உப்பற்ற குளிர்ந்த நீரில் ஊறவைப்பர். நீரை உறிஞ்சிய செல்கள் வீங்கி வெடிக்கும். எஞ்சிய புரதம் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் இறங்குகிறது. பின்னர் அமிலம் சேர்த்தோ, அம்மோனியம் சல்பேட்டை இட்டோ அது திரட்டப்படும். கூடுதலாகப் பெறச் சோதனைச்சாலைகளில் மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பதுண்டு. நாற்றமும் நச்சும் உடைய அப்பொருள் உணவுக்கு உதவாது. செல்சுவரைச் சிதைக்கும் நொதிகள் தீங்கற்றவை, ஆனால் விலை மிகுதி. கப்பாபைகஸிலிருந்து எடுத்த செறிபொருளில் 62 சதவீதம் புரதம் இருந்ததாக 2014இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

அமிலத்தால் திரட்டும் முறையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். கடலை மாவை ஒரு சிட்டிகை சலவைச் சோடா கலந்த நீரில் அரைமணி ஊறவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து, எலுமிச்சஞ்சாற்றைச் சிறிது சிறிதாக விட்டால் புரதம் தயிர்போலத் திரியும். இதனை உண்ணலாகாது.

தொழில் முறையில் எழும் வினா, எதனை முதலில் எடுப்பது என்பதே. முதலிலேயே கடுங்காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் கெடும். மென்மையாகப் புரதத்தை எடுத்த பின்னும் சக்கையில் காரகீனன் எஞ்சியிருக்கும். பவநகர் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறையும் இத்தகையதே: பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிர்களுக்குத் தெளிக்கவும், சக்கையைக் காரகீனனுக்கும் பயன்படுத்துவது. ஆனால் பச்சைப் பாசி விரைவில் அழுகும். ஆகவே பிழியும் கூடம் கரையருகிலேயே அமையவேண்டும். அத்தகைய கூடம் இல்லாத ஊர்களில் பெண்கள் பாசியை மணலில் உலர்த்தி, கூழ்ப்பொருளின் விலைக்கே விற்கவேண்டியுள்ளது.