நர்ஸ் பஞ்சமும் நாம் கற்கும் ஆங்கிலமும்

2023-ஆம் ஆண்டில் உலகத்துக்கு 58 லட்சம் நர்ஸுகள் போதாமலிருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இச்செய்தியைக் கரமனையிலுள்ள எங்கள் இல்லத்தில் தமக்கை மகளோடு அமர்ந்து ஆங்கிலப் பத்திரிகையில் வாசித்தேன். அவள் மருத்துவத் தொழிலோருக்குரிய ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவள்; நான் மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தா. முதல் முறை அவள் பேச்சுப் பகுதியிலே தவறினாள். கட்டணத்துக்காக அடகு வைத்த வளையல் இன்னும் மீளவில்லை.

'ஸ்கெலிடன் ஸ்டாஃப்' என்றொரு பிரயோகம் வந்தது. எலும்பு வைத்தியப் பிரிவாக்கும் என்றேன்.

"இல்லை மாமா, இன்றியமையாத சிலரை மட்டும் வைத்துக்கொண்டு நடத்துவது" என்று சிரித்தாள்.

பண்டிகை நாளில் எங்கள் ஆபீஸ் நடப்பதும் அவ்விதந்தான்! 'ஷார்ட்-ஸ்டாஃப்டு' என்றால் ஆள் பற்றாக்குறை. ஆளின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவள் சறுக்கியது வேறிடத்தில். 2021-இல் நர்ஸிங் 'பாஸ் அவுட்' ஆனதாக நோட்டில் எழுதியிருந்தாள். அகராதியைப் புரட்டினோம். நம்மவர் வழக்கில் படித்துத் தேறி வெளிவருதல். ஆங்கிலேயர் ஆஸ்பத்திரியிலோ மூர்ச்சையுறுதல். 'பாஸ் அவே' என்பது மரணம். இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால் நோயாளியின் உறவினர் என்ன பாடுபடுவர்! அத்தேர்விலும் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவரோடு உரையாட வேண்டியிருக்கிறது. அவள் பேசாமல் அவ்வரியை அடித்துவிட்டு, 'கிராஜுவேட்டெட்' என்று எழுதினாள்.

அன்றுமுதல் இரவுதோறும் ஒரு செய்தி, இரண்டு சொற்கள். தனிச் சொல்லாக அன்றி, வந்த வாக்கியத்தோடே எழுதுகிறோம். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.