தீ மூட்டினால் குளிரும் பெட்டி

ஜெர்மனியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பிள்ளைகளோடு ஐரோப்பாவைச் சுற்றிவர ஒரு மோட்டார்ஹோம் வாங்கலாம் என்றிருக்கிறோம். முதல் வண்டி என்பதால் பழையதாகத்தான் பார்க்கிறோம். ஒரு வண்டியில் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும், தீ எரிந்தால் உள்ளே ஐஸ் கட்டும் என்கிறார் விற்பவர். நெருப்பு எப்படிக் குளிர வைக்கும்? கதை விடுகிறாரா?”

கதை இல்லை. அவர் சொல்வது உண்மை. மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் என்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், படுக்கையில் படுத்துப் பார்க்கிறார்கள். அந்த வண்டியிலேயே மிக அதிசயமான பொருளை மட்டும் கதவைத் திறந்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நம் ஊரில் சினிமா நடிகர்களின் கேரவனைப் பார்த்திருப்போம். ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கும் மோட்டார்ஹோம் பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ போன்ற சரக்கு வேனின் அடித்தளத்தில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் பொருத்திய சிறு வீடு. வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டும் உரிமத்தோடே ஓட்ட வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான வண்டிகளை 3,500 கிலோ எல்லைக்குள் பதிவுசெய்கிறார்கள். தண்ணீர், கேஸ், சைக்கிள், ஆட்கள் எல்லாம் ஏறியபின் எடை அதைத் தாண்டுகிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அடுத்து, சன்னல் ஓரங்களையும் கூரை இணைப்புகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் மழைநீர் இறங்கி உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டி வேண்டாம்.

இனி ஃபிரிட்ஜ். பழைய மோட்டார்ஹோம்களில் இருப்பது பெரும்பாலும் மூன்று வழியில் ஓடும் வகை. முகாம் திடலில் நிறுத்தினால் 230 வோல்ட் மின்சாரம், சாலையில் ஓடும்போது வண்டியின் 12 வோல்ட், காட்டோரம் நிறுத்தினால் கேஸ். மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள ஒரு குழாயைச் சூடாக்குவது. அதற்குமேல் அங்கே மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது, வால்வு கிடையாது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத, மூடி வெல்டு வைத்த குழாய்ச் சுற்று. உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன்.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் ஒருபக்கம் அழுத்தத்தை ஏற்றி வாயுவைத் திரவமாக்கும். மறுபக்கம் அழுத்தம் இறங்கியதும் அந்தத் திரவம் ஆவியாகி வெப்பத்தை இழுக்கும். இரண்டு அழுத்தங்கள் இருப்பதால்தான் அங்கே வேலை நடக்கிறது. மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜில் சுற்று முழுக்க ஒரே அழுத்தம், வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. அந்த அழுத்தத்தில் அம்மோனியா 50 டிகிரி சூட்டிலேயே திரவமாகிவிடும். அதே அழுத்தத்தில் அதே திரவம் இரண்டு சாண் தள்ளி, உறைநிலைக்கு வெகு கீழே, எப்படி மறுபடி ஆவியாகிறது? இந்த ஒரு கேள்விக்கான விடையில்தான் இந்தப் பெட்டியின் அழகு முழுவதும் இருக்கிறது.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா, பெண் வீட்டு விருந்தாளி. தண்ணீர் அவருக்கு நெருங்கிய சொந்தம். கண்டால் விடாது, கையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருக்கும். யாராவது வந்து சத்தம் போட்டுக் கிளப்பினால்தான் விருந்தாளி எழுந்திருப்பார், கிளப்புகிறவர் தீ. எழுந்தவர் மாடிக்குப் போகிறார். அங்கே நிற்பவர்கள் எல்லாரும் அவர் ஊர்க்காரர்கள். நெருக்கியடித்து, தோளோடு தோள் ஒட்டி, ஒரே கும்பலாகிவிடுகிறார்கள்: அம்மோனியா திரவமாகிவிட்டது. கும்பல் அப்படியே பக்கத்துக் கூடத்துக்கு இறங்குகிறது. அங்கும் கூட்டம் அதே அளவுதான், ஆனால் அத்தனை பேரும் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் ஹைட்ரஜன். தம் ஆட்கள் நெருக்காத இடம் கிடைத்ததும் விருந்தாளிகள் ஆளுக்கொரு பக்கம் கலைகிறார்கள். கலைகிற அவசரத்தில் பந்தியில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தச் சாப்பாடுதான் வெப்பம், உங்கள் பாலிலிருந்தும் தக்காளியிலிருந்தும் எடுத்தது. வெளியே வந்ததும் வாசலில் தண்ணீர் காத்திருந்து மறுபடி கையைப் பிடித்துக்கொள்கிறது. மாப்பிள்ளை வீட்டாரைத் தண்ணீருக்குப் பழக்கமில்லை. அதனால் ஹைட்ரஜன் யாரிடமும் சிக்காமல் தன் கூடத்துக்கே திரும்புகிறது.

பள்ளியில் படித்த டால்டன் விதியே இது. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தை மட்டுமே பொருட்படுத்தும். மொத்த அழுத்தம் 20 மடங்கானாலும் குளிரும் பகுதியில் அம்மோனியாவின் பங்கு ஒன்று அல்லது இரண்டு மடங்குதான். மிச்சம் முழுக்க ஹைட்ரஜன். ஒரு மடங்கில் அம்மோனியாவின் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி, இரண்டு மடங்கில் சுமார் மைனஸ் 19. ஆகவே கம்ப்ரஸர் செய்யும் அழுத்த மாற்றத்தை, எதையும் அழுத்தாமலும் தளர்த்தாமலும், ஒரு வாயு வெறுமனே அங்கே இருப்பதாலேயே செய்து முடிக்கிறது.

சுழற்சிக்கும் வெளியிலிருந்து தள்ளுவார் இல்லை. அம்மோனியா கலந்த ஹைட்ரஜன் கனமானது, தானே கீழே இறங்கும். அம்மோனியாவைத் தண்ணீரிடம் விட்டதும் இலேசாகி மேலே ஏறும். தண்ணீரை மேலே தூக்குவதும் தீதான்: சூடாகும் மெல்லிய குழாயில் எழும் அம்மோனியாக் குமிழிகள், தமக்கு மேலே உள்ள நீர்த்துண்டுகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகின்றன. மேலே போன நீர் தன் எடையாலேயே வழிந்து, அம்மோனியாவை உறிஞ்சப் போகிறது. இவ்வளவும் சத்தமே இல்லாமல் நடக்கிறது.

வரலாற்றை விரும்புவோருக்காகச் சுருக்கமாக: அம்மோனியாவும் தண்ணீரும் வைத்துக் குளிரூட்டும் இயந்திரத்தை ஃபெர்டினான் காரே பிரான்சில் 1859-லேயே செய்துவிட்டார். அதற்குப் பம்பு தேவைப்பட்டது. ஹைட்ரஜனைச் சேர்த்துப் பம்பை ஒழித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும், 1922-ல். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி 1925-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது ஐன்ஸ்டைன் கண்டுபிடித்த ஃபிரிட்ஜ் என்று பரவும் செய்தி தவறு. அவரும் லியோ சிலார்டும் சேர்ந்து வடிவமைத்தவை இதற்குப் பிந்தியவை, வேறு முறையில் இயங்குபவை.

இன்றைய விளம்பரங்களோ லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார் பலகை, கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் இருந்தால் போதும், ஆண்டு முழுவதும் இலவசக் குளிர் என்கின்றன. கம்ப்ரஸர் சிக்கனமானது என்பதில் சந்தேகமில்லை. கேஸ் ஃபிரிட்ஜ் 100 பங்கு வெப்பத்தை எரித்தால் 20, 30 பங்கு வெப்பத்தைத்தான் உள்ளிருந்து வெளியேற்றும். கம்ப்ரஸர் தான் தின்னும் மின்சாரத்தைவிட அதிகமாகவே வெளியேற்றும். ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.3 யூனிட் மின்சாரம். ஒரே ஒரு கிலோ புரொபேனில் ஏறத்தாழ 12.8 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஜெர்மனியில் கிடைக்கும் 11 கிலோ சிலிண்டரில் நடுத்தர ஃபிரிட்ஜ் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடும். அந்த நாட்டின் டிசம்பர் வெயிலில் கூரையில் படுத்திருக்கும் பலகை தருவதோ மிகச் சொற்பம். இலவசக் குளிர் என்ற பேச்சு கோடைக்கு மட்டும் பொருந்தும்.

வாசகர் வண்டி பார்க்கப் போகும் நாளில் செய்ய வேண்டியவை எல்லாம் மேலே சொன்ன இயக்கத்திலிருந்தே வருகின்றன. தள்ள ஆளில்லாமல் புவியீர்ப்பில் ஓடும் சுற்று என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ்களுக்கு மூன்று டிகிரி சாய்வே அதிகம். ஓடும் வண்டியின் ஆட்டத்தில் திரவம் எங்கும் நிலையாகத் தேங்காது. சரிவில் நிறுத்திவைத்தால்தான் ஆபத்து: திரவம் ஒரு மடக்கில் தேங்கும், சூடாகும் குழாய் வறளும். குழாய் துருப்பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் படிகமாகி வழியை அடைத்துவிடும். அப்படி அடைத்ததைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் திறந்துவிடும் என்பார்கள். திரவம் இடம் மாறுவதால் சில நாள் ஓடலாம், படிகம் எங்கும் போகாது. அதை நம்பி வாங்காதீர்கள்.

இந்தப் பெட்டி மெதுவாகக் குளிரும். போய்ச் சேர்ந்து பற்றவைத்தால் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் மாலையே கேஸில் போட்டுவைக்கும்படி விற்பவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, ஒரு தெர்மாமீட்டரோடு போங்கள். நடுக்கோடையில் பார்க்கிறீர்கள் என்றால் கொஞ்சம் சலுகை கொடுங்கள். பின்பக்கக் குழாய்களின் சூடு காற்றில் கலந்தால்தான் அம்மோனியா திரவமாகும், 35 டிகிரி வெயிலில் அது திணறும். நின்றிருக்கும் வண்டியில் 12 வோல்ட்டில் ஓட்டிக் காட்டினால் அதை ஏற்காதீர்கள். பத்து ஆம்பியருக்கு மேல் இழுத்து, சாதாரண 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் சோர வைத்துவிடும். அது ஓடும் வண்டிக்கான வழி. கேஸ் குழாய்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையின் சான்றையும் கேளுங்கள். ஜெர்மனியில் 2025 ஜூன் முதல் அது கட்டாயம்.

பிறகு வெளிப்பக்கம் போய், ஃபிரிட்ஜுக்கு நேரே உள்ள காற்றுத் தட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ சுற்று ஓட்டையாகிவிட்டது என்று பொருள். அந்தப் பொடி புற்றுநோய் உண்டாக்கும் குரோமியச் சேர்மம். விரலால் தொட வேண்டாம். பொடி இல்லை, 230 வோல்ட்டில் நன்றாகக் குளிர்கிறது, கேஸில் மட்டும் குளிரவில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் பர்னரில் துருத்தூளோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கும். கேஸ் வேலை தெரிந்தவர் ஒருவர் சுத்தம் செய்துவிடுவார். கேஸிலும் மின்சாரத்திலும் பின்புறக் குழாய் சுடச்சுட இருந்து, இரவு முழுக்க ஓடியும் உள்ளே குளிரவில்லை என்றால், ஓடவேண்டியது உள்ளே ஓடவில்லை. அந்தச் சுற்றைத் திறந்து பழுதுபார்க்க முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும். புது ஃபிரிட்ஜுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேலாகும். அதைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.